மக்கு வைத்த சுங்கான்

அன்று மதோ கடையின் மாடி அறையில் இருந்தவர்கள்:

மதோ. ஒயின் கடைக்குச் சொந்தக்காரி. அன்றைக்கு நடுவரும் அவளே.

பெர்த்தேன். முன்னாள் தபால்காரர். கடிதம் கொண்டுபோகும் வேலை முடிந்துவிட்டது. சேதி கொண்டுபோகும் வேலையை விடவில்லை.

டாக்டர் ரெஜி லான்சோன். பல் மருத்துவர். ஊரில் பாதிப் பேரின் வாய்க்குள் கை விட்டவர்.

ஒதில். சுங்கான், அதாவது புகைபிடிக்கும் பைப்பு, செய்கிறவள். மூன்று வருடமாக நான் அவளோடு அவள் வீட்டில் வாழ்ந்தேன்.

நான், எவ்ரார். பிளாஸ்டிக் ஆலையில் இரவு ஷிப்ட்.

இரண்டு சுங்கான்கள். தகராறு அவற்றைப் பற்றியது என்பதால் அவற்றையும் ஆள் கணக்கில் சேர்க்கிறேன்.

விலை கூடிய சுங்கான் நன்றாகப் புகையுமா, இல்லை எல்லாம் ஒன்றுதானா என்பது பிரான்சின் மலையூரான எங்கள் சேன்-க்ளோட்டில் பழைய வழக்கு. இந்த ஊர் பிழைப்பதே சுங்கானுக்கான வேர்க்கட்டையைக் கடைந்துதான். ஆனாலும் தீர்ப்பு வந்ததில்லை. செய்கிறவர்கள் எல்லாம் ஒன்றுதான் என்பார்கள். விற்கிறவர்கள் வித்தியாசம் உண்டு என்பார்கள். செய்து விற்கிறவர்கள் எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்துவிட்டுச் சொல்வார்கள். ஒதில் செய்து விற்கிறவள்.

அந்த இரண்டும் அவள் கையில் பிறந்தவை. டாக்டருடையதில் மரத்தின் ரேகை அடியிலிருந்து விளிம்பு வரை நெருப்பு நாக்குப் போல நேராக ஏறும். எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படித்தான். ஒரு மாசு கிடையாது. அப்படி ஒரு கட்டை அமைய வண்டி வண்டியாக வேர் அறுக்க வேண்டும். அதன் விலை என்னுடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். என்னுடையதில் ஒரு பக்கம் ரேகை சுமாராக இருக்கும். மறுபக்கம் பருப்பு அளவுக்கு ஒரு குழி. வேரோடு பிறந்த குழி. ஒதில் அதில் மக்கு வைத்து அடைத்து, சாயம் ஏற்றி, மெருகு போட்டிருந்தாள். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. கட்டைவிரலுக்குத் தெரியும்.

"மக்கு வெச்ச பைப்பு மக்குப் பயலுக்கு," என்பார் பெர்த்தேன். சுங்கான் தொழிற்பள்ளியில் நானும் படித்தேன், இரண்டாம் வருடம் விட்டுவிட்டேன். ஒதில் படித்து முடித்தாள். அதைத்தான் அவர் குத்திக் காட்டுவார். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் இரண்டு சொல்வார்.

அவள் எனக்கு அதைக் கொடுத்தபோது சொன்னது இவ்வளவுதான்: "இதை விக்க முடியாது. நீ வெச்சுக்கோ." வாங்கிக்கொண்டேன். நன்றாகத்தான் புகைந்தது. டாக்டர் அவள் பட்டறைக்கு வரும்வரை அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நானும் ஒதிலும் ஒரே படுக்கையில் ஷிப்ட் போட்டுத் தூங்கினோம். அவள் சாப்பிட்டுத் தட்டைக் கழுவும் நேரத்தில் நான் கிளம்புவேன். நான் திரும்பி வரும்போது அவள் எழுந்து பட்டறை அடுப்பை மூட்டியிருப்பாள். படுக்கை சூடாக இருக்கும். அந்தச் சூடு ஒரு ஆளுடையதா இரண்டு ஆளுடையதா என்று கை வைத்துப் பார்ப்பேன். கையால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பலமுறை முயன்றிருக்கிறேன்.

அப்படி ஒரு காலையில் அவள் பட்டறை மேசையில் ஒரு பல்வரிசை இருந்தது. மேலும் கீழும், வெள்ளைச் சுண்ணாம்பில்.

"இது யாரு பல்லு?"

"டாக்டரோடது."

"டாக்டர் பல்லுக்கு நம்ம வீட்ல என்ன வேலை?"

"பைப்போட வாய்த்துண்டு அளவுக்குடா. இடது பக்கம் கடிச்சுப் பிடிப்பாராம். அதுக்கேத்த வாட்டத்துல அரம் போடணும். அவரே அச்செடுத்துக் கொண்டாந்து குடுத்தாரு."

"என் பைப்புக்கு நீ அளவே எடுக்கலையே?"

"உன் வாய் எனக்குத் தெரியாதா?"

நல்ல வார்த்தையாகத்தான் சொன்னாள். எனக்கு அது நல்ல வார்த்தையாக விழவில்லை. என் வாய்க்கு ஞாபகம் போதும். அவர் வாயை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் தடவிப் பார்த்து, ராத்திரி விளக்கில் அரம் போட வேண்டும். படுக்கப் போவதற்கு முன் அந்தப் பற்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். எழுந்து பார்த்தால் அவை திரும்ப என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. மறுநாளும் திருப்பினேன். மறுநாளும் சிரித்தன.

"பல்லைத் திருப்பி வெக்கிறது நீதானா?" என்று கேட்டாள்.

"எந்தப் பல்லை?"

அவள் அரத்தை எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் அவளை 'நீங்க' என்றுதான் பேசுவார். அவளும் அவரை 'நீங்க' என்றுதான் பேசுவாள். அதுவும் எனக்கு ஒட்டவில்லை. எல்லார் முன்னாலும் இவ்வளவு ஒழுங்காக 'நீங்க' போடுகிறவர்கள் தனியாக இருக்கும்போது என்ன போடுவார்கள் என்று ஆலையில் அச்சுகளுக்கு நடுவில் நின்று யோசிப்பேன். அச்சிலிருந்து பிளாஸ்டிக் வாளிகள் விழுந்துகொண்டே இருக்கும். அந்த வேலையில் யோசிக்க நேரம் நிறைய.

அந்தச் சுங்கான் டாக்டருக்குப் பிடித்துப்போனது. அடுத்து ஏழு செய்து தருவாளா என்று கேட்டார். கிழமைக்கு ஒன்றாக ஏழு, ஒரே வடிவம், எல்லாவற்றிலும் நேர் ரேகை, தோல் பெட்டியில். கேட்டாரே தவிர உறுதி சொல்லவில்லை. வசந்தத்துக்குள் சொல்கிறேன் என்றார். ஒதில் சுங்கான் தொழிற்சாலையின் பாலிஷ் சக்கரத்திலிருந்து தப்பித்துத்தான் சொந்தப் பட்டறை போட்டிருந்தாள். அந்தத் தூசி இன்னும் அவள் இருமலில் இருந்தது. ஏழு சுங்கான் வந்தால் ஒரு வருடத்துக்குப் பட்டறை நிற்கும். வராவிட்டால் சக்கரத்துக்கே திரும்ப வேண்டும். இதை அவள் என்னிடம் மறைக்கவில்லை. சூப் ஊற்றிக்கொண்டே சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே குடித்தேன்.

அந்த மாடி அறைக் கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் வம்பு ஆரம்பித்தது. மதோ கடையில் டாக்டர் தன் சுங்கானை மேசையில் வைத்திருந்தார். என்னுடையது பக்கத்தில் கிடந்தது. பெர்த்தேன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒதில், நீ ஒரு வார்த்தை சொல்லும்மா. டாக்டர் பைப்பு இவன் பைப்பைவிட நல்லா புகையுதா?"

டாக்டர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இப்படிக் கேட்கிற மனிதர்தான் முப்பது வருடம் இந்த ஊருக்குத் தபால் போட்டார்.

"ரெண்டும் ஒரே கை துளைச்சதுதான்," என்றாள் ஒதில். "புகை போற வழி ஒண்ணுதான். விலை கண்ணுக்கு."

டாக்டர் சிரித்தார். "நல்லா சொன்னீங்க."

அவர் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "கண்ணுக்கு மட்டும்தான்னா அந்த அழகு ஏன் எனக்குக் கிடைக்கலை? சோதிச்சுப் பாத்துடலாம். கண்ணைக் கட்டிக்கிட்டு நானும் டாக்டரும் ரெண்டையும் குடிக்கிறோம். எது எதுன்னு சொல்றோம்."

"பிரமாதம்!" என்றார் டாக்டர். "அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு வேலை கிடைச்சுது."

வீட்டுக்கு இறங்கும் படிகளில் ஒதில் எனக்கு முன்னால் நடந்தாள். எங்கள் ஊரில் எங்கே போவதென்றாலும் ஏற வேண்டும், இல்லாவிட்டால் இறங்க வேண்டும். பாலத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

"உனக்கு இது எதுக்கு?"

"தெரிஞ்சுக்க."

"அவரோடது நல்லா புகையுதுன்னு வெச்சுக்கோ. உன்கிட்ட நான் பொய் சொன்னவ. ரெண்டும் ஒண்ணுன்னு வெச்சுக்கோ. அவர்கிட்ட கொள்ளையடிச்சவ. இதுல நான் எங்க பொழைக்கிறது?"

"உண்மை எதுவோ அதைப் பாப்போமே."

"உண்மை உனக்கு வேணும். சோறு எனக்கு வேணும். நீ போய் டாக்டர்கிட்ட விளையாட்டு வேணாம்னு சொல்லு."

"நீயே சொல்லேன். உனக்குத்தான் அவரை நல்லாத் தெரியுமே."

அவள் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு நடந்தாள்.

அவளால் டாக்டரிடம் சொல்ல முடியவில்லை. வாங்குகிறவர் ஆசைப்படும் விளையாட்டை விற்கிறவள் எப்படி வேண்டாம் என்பாள்? ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். சோதனை என்றால் ஒழுங்காக நடக்க வேண்டும். டாக்டருடையது புதியது, என்னுடையது பழகியது. பழகிய சுங்கானின் உள்சுவரில் கரி கட்டியிருக்கும். அந்தக் கரிதான் சூட்டைத் தாங்கும், கசப்பைக் குடிக்கும். அதனால் இரண்டையும் மரம் தெரியும்வரை சுரண்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றாள்.

கரி கட்டுவது என்றால் என்னவென்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மெதுவாக, தினமும், பாதி பாதியாகக் குடித்து, ஆறவிட்டு, வளர்க்க வேண்டும். எங்கள் ஊர் ஆண்களில் சிலர் பிள்ளைகளை அவ்வளவு பொறுமையாக வளர்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மணி அடித்து ஓய்ந்த பிறகு, மாடியில் கூடினோம். மதோ சின்னத் தராசு, நாப்கின், தீப்பெட்டி எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். ஒதில் ஒரே மாதிரி இரண்டு வாய்த்துண்டுகள் கடைந்து கொண்டுவந்திருந்தாள். பல் பட்டால் எது யாருடையது என்று தெரிந்துவிடக் கூடாது. புகையிலை அடைக்கும் கிண்ணங்களைச் சுற்ற இரண்டு மெல்லிய தோல் துண்டுகள். என் கட்டைவிரல் மக்கைத் தேடும் என்று அவளுக்குத் தெரியும்.

மேசையில் செய்தித்தாளை விரித்தாள். டாக்டருடையதில் சுரண்டியை விட்டு ஒரு திருப்புத் திருப்பினாள். மெல்லிய தூள் விழுந்தது, அவ்வளவுதான். என்னுடையதை எடுத்தாள். சுரண்டியை உள்ளே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இப்பவும் வேணாம்னு சொல்லலாம்."

"திருப்பு."

திருப்பினாள். பல்லைக் கூச வைக்கும் சத்தம். கரி கட்டிகட்டியாக விழுந்தது. நான் ஆலையின் பின்வாசலில் குளிரில் நின்று குடித்ததெல்லாம் அதில் இருந்தது. அவள் நிறுத்தவில்லை. மரத்தின் சிவப்புத் தெரிந்த பிறகுதான் நிறுத்தினாள்.

"மூணு குளிர்காலம் போச்சு மகனே," என்றார் பெர்த்தேன்.

"வாயை மூடுங்க பெர்த்தேன்," என்றாள் மதோ. "கேளுங்க, விதி இதுதான். ரெண்டுலயும் ஒரே எடைப் புகையிலை. பைப்புக்கு ரெண்டு தீக்குச்சி. குடிக்கிறவர் என்ன வேணா பேசலாம். மத்தவங்க மூச்சு விடக் கூடாது. அணைஞ்சா குடிக்கிறவரேதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும். யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது."

கடைசி விதி புதிதல்ல. யார் சுங்கான் அதிக நேரம் அணையாமல் எரிகிறது என்று இங்கே போட்டி நடக்கும்போதெல்லாம் அதே விதிதான். பக்கத்து ஆள் அணைந்த சுங்கானை உறிஞ்சிக்கொண்டிருந்தால் நாம் கூரையைப் பார்க்க வேண்டும்.

முதலில் டாக்டர். மதோ நாப்கினால் கண்ணைக் கட்டினாள். ஒதில் புகையிலை அடைத்துக் கொடுத்தாள். அவர் சாய்ந்து உட்கார்ந்து, அவசரமில்லாமல் குடித்தார். நல்ல கம்பளிக் கோட்டு. சுத்தமான நகங்கள். கண் கட்டியிருந்தாலும் தான் எல்லாருக்கும் பிடித்தவர் என்று தெரிந்த முகம்.

"ம். இது நல்லா இருக்கு," என்றார். இரண்டாவதைக் கொடுத்தார்கள். "இதுவும் நல்லா இருக்கு."

"உங்களுது எது டாக்டர்?" என்றாள் மதோ.

"தெரியலையே!" கண் கட்டை அவிழ்த்துவிட்டுச் சிரித்தார். "சத்தியமாத் தெரியலை. ஒதில் சொன்னதுதான் சரி, விலை கண்ணுக்கு. நான் சாயங்காலம் விளக்குப் பக்கத்துல உக்காந்து அதைத் திருப்பித் திருப்பிப் பாப்பேன். அந்த ரேகையைப் பாத்தா நாள் பூரா பாத்த சொத்தைப் பல்லெல்லாம் மறந்துபோவும். அதுக்குத்தான் வாங்கினேன். வாய்க்கா வாங்கினேன்?"

"அப்போ ஏமாந்துட்டோம்னு தோணலையா?" என்று கேட்டாள் ஒதில். அவள் குரல் மெலிந்திருந்தது.

"இதுல ஏமாற என்ன இருக்கு? ஏழுலயும் இதே மாதிரி ரேகை வரணும், ஆமா. அதுல மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேன்."

ஒதிலின் தோள் இறங்கியது. அவ்வளவு நேரம் அவள் தோளைத் தூக்கி வைத்திருந்தாள் என்பதே அது இறங்கியபோதுதான் தெரிந்தது. மதோ ஒயின் புட்டியைத் திறந்தாள். பெர்த்தேன் பாலாடைக்கட்டியை வெட்ட ஆரம்பித்தார். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. அவருடையது உயர்ந்தது என்று அவர் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. இந்த ஆளுக்கு நாக்கே இல்லை. ஊரின் நல்ல கட்டையை வாயில் வைத்துக்கொண்டு அது நல்ல கட்டை என்றே தெரியவில்லை. நாக்கு இல்லாதவனுக்குப் போய் அவள் பல் அளவு பார்த்து அரம் போட்டிருக்கிறாள். அவனுக்கு அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு போகிறவன் வேறு எதை எடுத்துக்கொண்டு போகமாட்டான்?

"என் முறை பாக்கி," என்றேன்.

"வேணாம் எவ்ரார்," என்றாள் ஒதில். "முடிஞ்சுபோச்சு. வா, சாப்பிடு."

"ஏன்? எனக்கு நாக்கு இருக்குன்னு பயமா?"

"ரெண்டு பைப்பும் சூடா ஈரமா இருக்கு. இப்போ குடிச்சா எதுவும் நல்லா இருக்காது. ஒரு நாளாவது ஆறணும்."

"ரெண்டுக்கும் அதே ஈரம்தானே? ஒழுங்கான சோதனை வேணும்னு சொன்னது நீதானே?"

மதோ ஒதிலைப் பார்த்தாள். ஒதில் பஞ்சுக் கம்பியை எடுத்து இரண்டையும் துடைத்தாள். புகையிலையை அளந்தாள். நாப்கின் என் கண்ணுக்கு வந்தது. அதில் டாக்டரின் வாசனைத் தைலம் ஒட்டியிருந்தது.

முதல் சுங்கான் மோசம். பச்சை மரக் கசப்பு. தண்டில் தண்ணீர் கொதிக்கும் சத்தம். நாக்கு நுனியைச் சுட்டது. இதுதான் என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன். என் பங்குக்கு வருவது அப்படித்தான் இருக்கும். பாதியிலேயே கீழே வைத்தேன்.

இரண்டாவதும் முதல் சில இழுப்புக்குச் சுட்டது. புகையிலையை அமுக்கிவிட்டு மறுபடி மெதுவாக இழுத்தேன். சூடு அடங்கியது. கசப்பு போனது. குளுமையாக, லேசாக, புகையிலையின் இனிப்பு மட்டும் நாக்கில் நின்றது. இன்னும் மெதுவாக இழுத்தேன். இன்னும் குளுமை. இருட்டில் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. விளக்கு, கம்பளிக் கோட்டு, அவள் மடியில் அந்த வெள்ளைப் பல்வரிசை.

"இதுதான்," என்றேன். "இது டாக்டரோடது."

யாரும் பேசவில்லை. விதி அப்படி. நான்தான் பேசலாம். பேசினேன்.

"இதுல சூடே இல்ல. கசப்பே இல்ல. பஞ்சு மாதிரி இருக்கு. புகை போற வழி ஒண்ணாம்! மூணு வருஷமா என் வாயில கசப்பைத் திணிச்சுட்டு, இதை எடுத்து அங்க குடுத்திருக்கா. நான் ராத்திரி முழுக்க வாளி அடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இங்க இவ யாரு வாய்க்கு அரம் போட்டுக்கிட்டு இருந்தான்னு இப்போ தெரியுது. பைப்பையே இப்படித் தூக்கிக் குடுத்தவ மத்ததை எல்லாம் மிச்சம் வெச்சிருப்பாளா? டாக்டர், சொல்லுங்க. என் படுக்கையில சூடு ஆறுறதுக்குள்ள நீங்க எந்தப் பக்கமா இறங்கிப் போவீங்க? படி வழியாவா, பாலத்து வழியாவா?"

சொல்லிவிட்டு இன்னொரு இழுப்பு இழுத்தேன். அருமையாக இருந்தது.

யாரோ மூக்கால் சத்தம் போட்டார்கள். பெர்த்தேன். சிரிப்பை அடக்கும் சத்தம். அப்புறம் நாற்காலி நகர்ந்தது.

"செல்லம்," என்றாள் மதோ, "கண் கட்டை அவுத்துடு."

அவிழ்த்தேன். அறையில் என் பக்கம் புகையே இல்லை. கிண்ணத்தைப் பார்த்தேன். மேலே சாம்பல், கீழே கருகாத புகையிலை. விரலை வைத்தேன். ஆறிப்போயிருந்தது.

"எப்போ அணைஞ்சது?"

"நீ பஞ்சு மாதிரி இருக்குன்னு சொல்றதுக்கு ரொம்ப முன்னாடியே," என்றாள் மதோ.

கண்ணைக் கட்டிவிட்டால் சுங்கான் எரிகிறதா அணைந்துவிட்டதா என்று குடிக்கிறவனுக்குத் தெரியாது. புகையைப் பாதி கண்தான் குடிக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்களை வைத்து இந்த வேடிக்கையைக் காட்டிச் சிரிப்பது எங்கள் ஊர் வழக்கம். இங்கே பிறந்த ஒருத்தன் அதில் விழுந்ததை நான் கேள்விப்பட்டதில்லை. என் வாயில் இவ்வளவு நேரம் இருந்தது வெறும் காற்று.

தோலைப் பிரித்தேன். நெருப்பு நாக்கு போன்ற ரேகைகள், அடியிலிருந்து விளிம்பு வரை.

"டாக்டரோடதுதானே!" என்றேன். "நான் சரியாத்தானே சொன்னேன்!"

"சரிதான் மகனே," என்றார் பெர்த்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அணைஞ்ச பைப்புன்னு எடுத்துக்கிட்டா டாக்டரோடதுதான் ஒசத்தி."

அவர் ஒருவர்தான் சிரித்தார். பிறகு அவரும் நிறுத்திவிட்டார், ஏனென்றால் டாக்டர் எழுந்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. கூச்சம்தான் இருந்தது. என் கையிலிருந்து தன் சுங்கானை வாங்கி, சாம்பலைத் தட்டி, கடைந்த வாய்த்துண்டைக் கழற்றி மேசையில் வைத்தார். தன் சொந்த வாய்த்துண்டைப் பொருத்தினார். கழுத்துத் துணியைச் சுற்றினார்.

"ஒதில், அந்த ஏழு... இப்போதைக்கு வேணாம்."

"டாக்டர், இவன் பேசினதுக்கு நான்..."

"உங்க மேல தப்பில்ல. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனா பெர்த்தேன் இங்கதான் உக்காந்திருக்காரு. என் பொண்டாட்டி சாப்பாட்டு மேசைல உக்கார்றதுக்குள்ள சேதி போய்ச் சேந்துடும். அதுக்கப்புறம் உங்க பட்டறைல இருந்து தோல் பெட்டி எடுத்துக்கிட்டு நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

"நான் ஒண்ணும் சொல்ல..." என்று ஆரம்பித்த பெர்த்தேன், தன்னைத் தானே நன்றாக அறிந்தவர் என்பதால், முடிக்கவில்லை.

"இதை வெச்சுக்கிறேன்," என்றார் டாக்டர், சுங்கானைப் பையில் போட்டபடி. "இது ரொம்ப அழகா இருக்கு." இறங்கிப் போனார்.

ஒதில் சுரண்டியைத் துடைத்தாள். தோல் துண்டுகளை மடித்தாள். கரி கிடந்த செய்தித்தாளைச் சுருட்டி அடுப்பில் போட்டாள். மதோ அவள் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். ஒதில் தலையை மட்டும் ஆட்டினாள். என் பக்கம் திரும்பாமல் படி இறங்கினாள்.

பின்னாலேயே போனேன். தெருவில் ஜன்னல்களிலிருந்து வறுத்த இறைச்சி மணம் வந்தது. பாலத்தைத் தாண்டும்வரை அவளை எட்டிப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் நேராக அலமாரிக்குப் போய் என் பையை எடுத்துக் கட்டிலில் போட்டாள். சட்டைகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். மடித்துத்தான் வைத்தாள்.

"நான் சொன்னது சரிதானே? அது அவரோடதுதானே?"

"சரிதான்."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல. நீ சரியாச் சொன்னே. போய் ஆலைல எல்லார்கிட்டயும் சொல்லு."

"கோவத்துல வந்துடுச்சு."

"கோவத்துல வரலை. ரொம்ப நாளா உள்ள வெச்சிருந்தே. கண்ணைக் கட்டினதும் வந்துடுச்சு." இருமினாள். "நாளைக்குக் காலைல நான் தொழிற்சாலை வாசல்ல போய் நிக்கணும். சக்கரத்துக்கு ஆள் வேணுமான்னு கேக்கணும். போறப்போ உன் மூஞ்சைப் பாத்துட்டுப் போக முடியாது."

"எனக்கு ஏன் அந்தக் குழி விழுந்ததைக் குடுத்தே? அதை மட்டும் சொல்லு."

"விக்க முடியலை, குடுத்தேன். அப்பவே சொன்னேனே."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வேற என்ன இருக்கணும்? நல்ல கட்டை கிடைச்சா விக்கிறேன். விக்காததை வீட்ல இருக்கிறவன் குடிக்கிறான். நம்ம ஊர்ல எந்த வீட்ல நல்ல பைப்பு இருக்கு?"

அது உண்மை. செய்கிறவர்கள் வீட்டில் மக்கு வைத்தவைதான் இருக்கும். என் அப்பாவும் மக்கு வைத்ததைத்தான் குடித்தார்.

பையின் வாயை இழுத்துக் கட்டினாள். நான் வாங்கிக்கொள்ளாமல் நின்றேன்.

"அவருக்கும் உனக்கும் ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. போறேன்."

"சொன்னா நம்புவியா?"

யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"தெரியலை."

"அப்போ எதுக்கு?"

அவள் பையை என் நெஞ்சோடு வைத்து அழுத்தினாள். பிடிக்காவிட்டால் விழுந்துவிடும் என்பதால் பிடித்தேன். வாசல்வரை என்னோடு வந்தாள். அவள் கழுத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். அப்போதும் நான் ஒரு அடையாளத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். மரத்தூளைத் தவிர ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததும் எனக்குப் போதவில்லை.

படியில் கால் வைத்தேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டுக்குள் சாவி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. நான் திரும்புவதற்குள் இன்னொரு சுற்றும் சுற்றியது.